சிற்பிக்கு ஒரு சொந்த முகவரி

இந்தியத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் நினைவுச்சின்னங்களில், 2021-22ஆம் நிதியாண்டில் வெளிநாட்டவர் மிக அதிகமாக வந்த இடம் மாமல்லபுரம். 1,44,984 பேர் வந்தார்கள். அதே ஆண்டில் தாஜ்மகாலைப் பார்க்க வந்த வெளிநாட்டவர் 38,922 பேர்தான். பெருந்தொற்று ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த ஆண்டு அது. வழக்கமான வரிசை இதுவல்ல. ஆனாலும் மாமல்லபுரம் வந்த அந்த ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பாலானோர் கிளம்பும் முன் கைபேசியில் இந்த ஊரின் பெயரைத் தேடியிருப்பார்கள். அறைகளைப் பதிவு செய்து தரும் நிறுவனங்களின் பக்கங்கள், சுற்றுலா முகவர்களின் பக்கங்கள், ஒருநாள் வந்து போனவர்கள் எழுதிய குறிப்புகள் எல்லாம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும். இங்கேயே பிறந்து, இங்கேயே உளி பிடித்து, இங்கேயே வலை இழுத்து வாழ்கிற ஒருவர் தன் தொழிலைப் பற்றித் தானே எழுதிய பக்கம் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக்கும் அதன் பின்னால் விரியும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் உலகம் அறிந்த முகங்கள் பல உண்டு. 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மாமல்லபுரத்துச் சின்னங்கள் சேர்ந்தன. 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தது. கோவளத்துக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்திருக்கிறது. மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் பயிற்சியாளர்களாக வளர்ந்திருக்கிறார்கள். பறவைகள் சரணாலயங்களான வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இருக்கின்றன. இவ்வளவு பேசப்படும் ஒரு நிலப்பரப்பில், தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்ள ஒரு நிரந்தர இடம் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 1978இல் தொடங்கப்பட்டது. பாம்புக்கடி முறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவதில் இந்தியா முழுமைக்கும் முக்கியமான அமைப்பு அது. அதன் உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு, அங்கே பெருகிக் கிடந்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின, ஆவணப்படக்காரர்கள் வந்தார்கள். தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அந்த அறிவை அவர்களே தங்கள் சொல்லில், தங்கள் பெயரில் எழுதிவைக்க ஓரிடம் வேண்டாமா? செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் மூலிகைகளை வளர்த்து மருந்துப் பொருட்கள் செய்யும் இருளர் பெண்களுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

“எல்லாரும்தான் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறார்களே, தனியாக இணையதளம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விற்பனைக்கு அவை உதவுகின்றன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்கு வரும் பெரிய வேலை எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் கோயில் கட்டும் ஒரு குழு சிற்பியைத் தேடுகிறது. அவர் இதற்கு முன் எந்தெந்தக் கோயிலுக்கு வேலை செய்தார், எந்தக் கல், என்ன உயரம், எந்தத் தாலமானக் கணக்கு (சிலையின் உறுப்பு அளவு விகிதம்), சிற்பக் கல்லூரியில் படித்தவரா, பட்டறையில் குருவிடம் கற்றவரா, கப்பலில் ஏற்றக் கட்டித் தருவாரா, எத்தனை மாதம் ஆகும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க நினைக்கிறது. இன்ஸ்டாகிராமில் போட்ட படம் இரண்டு நாளில் கீழே போய்விடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த ஆறடி நடராசரைத் தேடி அந்தக் குழு விரலால் தள்ளிக்கொண்டே போகாது. வாட்ஸ்அப் எண் முதலில் தெரிந்தால்தானே பேசவே முடியும்?

இந்த ஊர்க் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957 முதல் இங்கே அரசு சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அதன் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி திருவள்ளுவர் சிலையை எழுப்பியவர். இத்தனை பெருமையும் ஊருக்குச் சேர்ந்திருக்கிறது. தனி ஒரு சிற்பியின் பெயருக்கு அதில் எவ்வளவு வந்து சேர்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இயந்திரத்தில் அறுத்த சிலையும், மாதக்கணக்கில் உளியால் செதுக்கிய சிலையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வாங்க வருபவருக்கு வித்தியாசம் தெரியாது. செதுக்கியவர் தன் வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படத்தோடு எழுதிவைத்திருந்தால், அந்த வித்தியாசத்தை அவரே காட்டிவிட முடியும்.

விடுதி நடத்துபவர்களின் நிலைமையை ஒரு சட்ட உத்தரவின் வழியாகவே புரிந்துகொள்ளலாம். 2022 அக்டோபர் 19 அன்று இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு ₹223.48 கோடியும் ஓயோவுக்கு ₹168.88 கோடியும் அபராதம் விதித்தது. ஆணையம் கண்ட தவறுகளில் ஒன்று, மேக்மைட்ரிப் குழுமம் விடுதிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இருந்த விலை நிபந்தனை. அந்தக் குழுமத்தின் தளத்தில் உள்ள விலையைவிடக் குறைத்து வேறு தளங்களில் விற்கக் கூடாது. விடுதி உரிமையாளர் தன் சொந்த இணையதளத்தில்கூட அப்படிக் குறைத்து விற்கக் கூடாது. அந்த நிபந்தனையை நீக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவில் ஆறு அறைகளோடு விடுதி நடத்தும் குடும்பத்துக்கு இந்த உத்தரவால் பயன் கிடைக்க வேண்டுமென்றால், முதலில் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஓர் இணையதளம் இருக்க வேண்டும். சட்டம் கதவைத் திறந்துவிட்டது; கதவு வரை நடந்துபோகக் கருவி இல்லை.

இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. உலகச் சந்தையில் இணையதளம் அமைக்கும் சேவைகள் பல. அவற்றில் ஒன்றைக் கைபேசியில் திறந்து பார்த்தால், பட்டியல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் இருந்தாலும் இயந்திரம் பெயர்த்த தமிழ், தமிழ் படித்தவருக்கே புரியாது. மாதிரிப் பக்கங்களில் ஐரோப்பியக் காபிக் கடைகளின் படம் இருக்கும். வெற்றிடத்தை நிரப்ப லத்தீன் எழுத்துகள் ஓடும். நம் சொற்கள் நீளமானவை என்பதை அந்த வடிவமைப்பாளர்கள் யோசித்ததில்லை. ‘தொடர்புகொள்ள’ என்று பொத்தானில் எழுதினால் பாதி வெளியே நிற்கும். ‘கூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். பல சேவைகளில் மாதச் சந்தா டாலரில் இருக்கும். கடன் அட்டை கேட்கும். இலவசம் என்றால் நம் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் ஏறும். நீண்ட நேரம் கணினி முன் உட்காரக்கூடியவருக்கு இவை சின்னச் சின்னத் தொல்லைகள். பட்டறையில் கல்தூசிக்கு நடுவே கைபேசியோடு நிற்பவருக்கு இவை சுவர்.

அந்தச் சுவரைத் தாண்ட அவர் என்ன செய்கிறார்? “சைட் போட்டுத் தர்றேன்” என்று வருபவரிடம் பணத்தைக் கொடுக்கிறார். வருபவர்களில் நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் சிறு தொழில் செய்பவர்களிடம் பேசினால் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை ஒன்று உண்டு. பெயர்ப் பதிவை, அதாவது டொமைனை, போட்டுக் கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்துகொள்வார். ஓராண்டு கழித்துப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அவர் எண் எடுக்காது. எடுத்தால் தொகை கூடியிருக்கும். தொலைபேசி எண் மாறிவிட்டது, அதை மாற்றுங்கள் என்றால் அதற்கும் தனிக் கட்டணம். ஓர் எண்ணை மாற்றக்கூட இன்னொருவரை நம்பியிருக்க வேண்டிய பக்கத்தைச் சொந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது?

எளிமை மட்டும் போதாது என்பதற்கும் நம் கண்முன் சான்று இருக்கிறது. 2017 ஜனவரியில் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து, இந்தியச் சிறுதொழில்களுக்காகக் கூகுளின் இலவச இணையதளத் திட்டத்தை அறிவித்தார். கைபேசியிலேயே சில நிமிடங்களில் அமைத்துவிடலாம். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் கிடைக்கும். உண்மையிலேயே எளிமையான கருவி. சலூன்காரரும் பூக்கடைக்காரரும் அதில் பக்கம் வைத்தார்கள். 2024 மார்ச்சில் அந்தப் பக்கங்கள் அனைத்தையும் கூகுள் நிறுத்தியது. சில மாதங்கள் மட்டும், அந்த முகவரிக்குப் போனவர்களைக் கடையின் கூகுள் குறிப்புக்குத் திருப்பிவிட்டார்கள்; ஜூனுக்குப் பிறகு அதுவும் இல்லை. கடைக்காரர் விசிட்டிங் கார்டிலும் பலகையிலும் அச்சடித்து வைத்திருந்த முகவரி ஒன்றுமில்லாமல் போனது. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸை மூடியபோது, தமிழர்கள் தொடக்க காலத்தில் உருவாக்கிய பக்கங்கள் பல அதோடு போயின. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் மட்டுமே வாடிக்கையாளர்களைச் சேர்த்துவைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அவர்களை இழந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம். இழந்தவர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் ஒன்றுதான்: அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் கடை விரித்திருந்தார்கள்.

ஆகவே எளிய கருவி என்று நான் கேட்பதில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. ஒரு பாதி, அமைப்பது எளிதாக இருக்க வேண்டும் என்பது. இன்னொரு பாதி, வெளியேறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்பது. படங்களையும் எழுத்தையும் முகவரியையும் மூட்டை கட்டிக்கொண்டு, வேறு சேவைக்கு யாரையும் கெஞ்சாமல் போக முடிய வேண்டும். முதல் பாதியைப் பற்றி எல்லா நிறுவனங்களும் பேசுகின்றன. இரண்டாம் பாதியை வலியுறுத்த வேண்டியது அரசும் நாமும்தான். இது நடக்காத காரியமும் அல்ல. 2016இல் வந்த யுபிஐ, ஒரு வங்கியின் செயலியிலிருந்து இன்னொரு செயலிக்கு மாறினாலும் பணம் வந்து சேரும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால்தான் ஐந்து ரதம் அருகே இளநீர் வெட்டுபவரிடமும் கியூஆர் அட்டை தொங்குகிறது. சாதாரண மக்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்ற பேச்சை அந்த அட்டை முடித்துவைத்துவிட்டது.

எழுத வராது என்ற பேச்சையும் முடித்துவைக்க நம்மிடம் வரலாறு இருக்கிறது. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்தில், ஒரு பக்கம் போட எழுத்துருவோடு மல்லுக்கட்ட வேண்டும், நிரல் தெரிய வேண்டும். 2003க்குப் பிறகு யூனிகோடும் வலைப்பூச் சேவைகளும் கைகோத்தன. தலைப்புக்கு ஒரு கட்டம், எழுத ஒரு கட்டம், வெளியிட ஒரு பொத்தான், அவ்வளவுதான் கருவி. அடுத்த சில ஆண்டுகளில் தமிழில் நடந்ததைப் பார்த்தோம். ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள், புலம்பெயர்ந்த ஈழத்தவர்கள் என்று பத்திரிகை அலுவலக வாசலை மிதிக்காதவர்கள் எழுத வந்தார்கள். சமையல் முதல் போர் நினைவுகள் வரை எழுதினார்கள். அவற்றைத் திரட்டித் தரத் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் பிறந்தன. இன்று எழுத்தாளர்களாக அறியப்படும் பலர் அந்தக் கட்டத்தில் தட்டச்சு செய்யத் தொடங்கியவர்கள். பிறகு கூட்டம் முகநூலுக்குப் போனது. அங்கே எழுதியவற்றை இன்று தேடி எடுப்பது எழுதியவருக்கே சிரமம். அந்த வலைப்பூக் காலத்தை ஒரு கடந்துபோன மோகமாகச் சிலர் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கருவி எளிதானால் தமிழர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனை நடந்ததில்லை.

உலகளாவிய வலையைப் படைத்தவரும், படிப்பவரே எழுதவும் வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். 1990இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியில் படிக்கவும் முடியும், அதிலேயே எழுதித் திருத்தவும் முடியும். 1993 ஏப்ரல் 30 அன்று அந்தத் தொழில்நுட்பத்தை செர்ன் ஆய்வகம் எல்லாருக்கும் பொதுவாக்கியது. அதற்குப் பின் பரவிய உலாவிகளில் எழுதும் பாதி கழன்றுபோனது.

இப்படித் தன்னைப் பற்றித் தானே எழுதிவைப்பதில் செங்கல்பட்டுக்குத் தனி உரிமையே உண்டு என்பேன். 1767 முதல் 1774 வரை, அன்றைய செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குக்கு அடிப்படை, ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதிய ஓலைகள். எத்தனை வீடு, யார் யார் என்ன தொழில், ஏரி எவ்வளவு, விளைச்சலில் தச்சருக்கும் குயவருக்கும் கோயிலுக்கும் எவ்வளவு பங்கு என்று ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தது. அறிஞர் தரம்பால் இந்தக் கணக்குகளின் அருமையை எடுத்துக்காட்டினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஓலைகளிலிருந்து திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நூலாகவே வந்திருக்கின்றன. சாதியும் அதிகாரமும் அந்த ஓலைகளிலும் இருந்தன. எழுத்தாணி எல்லார் கையிலும் இல்லை. இருந்தும், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய திருப்போரூரைப் பற்றி உள்ளூர்க் கை எழுதிய சான்று நமக்குக் கிடைக்கிறது. இன்றைய திருப்போரூரைப் பற்றி அப்படி என்ன மிஞ்சும்?

எளிய இணையதளக் கருவியின் தேவை அரசுக்குப் புரியாமலில்லை. தன் சொந்த உபயோகத்துக்கு அது ஏற்கெனவே தீர்வு கண்டுவிட்டது. தேசிய தகவலியல் மையம் ‘எஸ்3வாஸ்’ என்ற ஆயத்தச் சட்டகத்தை உருவாக்கியிருக்கிறது. மாவட்ட நிர்வாகங்கள் நிரல் எழுதாமலே, மாதிரிப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்து நிரப்பினால் தளம் தயார். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது, அதன் இணையதளமும் இந்த வழியில்தான் வந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிடைத்த வசதி, தண்டரைப் பெண்கள் சங்கத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது? மகளிர் குழுவுக்கும், மீனவர் கூட்டுறவுக்கும், ஊர் நூலகத்துக்கும், கிராம சபைத் தீர்மானத்தைப் பதிந்துவைக்க நினைக்கும் ஊராட்சிக்கும் அதே சட்டகத்தின் எளிய வடிவத்தைத் தருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர் கையிலிருந்து யோசிக்க வேண்டும். கைபேசியில் மட்டுமே முழுதும் செய்து முடிக்கும்படி இருக்க வேண்டும். தட்டச்சு வராதவர் பேசினால் எழுத்தாக வேண்டும். பேச்சு என்றால் பாடப்புத்தகத் தமிழ் அல்ல, செங்கல்பட்டுப் பேச்சு. படம் எடுத்தால் அதுவே அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். விலை, அளவு, வரைபடக் குறி, யுபிஐ எண் ஆகியவற்றுக்கு ஆயத்தக் கட்டங்கள் இருக்க வேண்டும். தமிழில் எழுதியதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருபவர் படித்துக்கொள்ளும்படி பெயர்த்துத் தர வேண்டும். முகவரி, பதிவு செய்பவரின் பெயரில், அவர் கைபேசி எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முகவரி வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பல நேரம் ‘xn--’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகச் சிதறிப்போய் நிற்கிறது. இதைச் சரிசெய்யும் வேலையைத் தமிழ்நாடு முன்னின்று கேட்க வேண்டும். 2010இல் தமிழ் யூனிகோடைத் தரமாக அறிவித்த மாநிலம் இது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இரண்டு வரி சொன்னால் அதுவே தளம் செய்துவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். செய்கிறது, நல்லதுதான். ஆனால் கேட்காத வரிகளையும் அது எழுதிவிடுகிறது. ‘ஐம்பதாண்டு அனுபவம்’, ‘விருது பெற்ற கைவண்ணம்’ என்று அலங்காரமாக ஆங்கிலத்தில் நிரப்பினால், ஆங்கிலம் தெரியாத சிற்பிக்குத் தன் பெயரில் ஒரு பொய் நிற்பதே தெரியாது. எனவே பக்கத்தில் ஏறும் ஒவ்வொரு வரியையும் ஏற்றும் முன் தமிழில் வாசித்துக் காட்டி ஒப்புதல் கேட்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். உருவான தளம் யாருடைய சேவையகத்தில், எத்தனை நாளைக்கு இருக்கும் என்ற பழைய கேள்வியும் அப்படியேதான் இருக்கிறது.

தொடங்க மாமல்லபுரமே பொருத்தமான இடம். கருவியைச் செய்யத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தமிழ்நாடு மின்னாளுமை முகமையும் இருக்கின்றன. சிற்பிகளோடு பல பத்தாண்டு உறவு கொண்ட, அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் இருக்கிறது. இ-சேவை மையங்களில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவுபவருக்கு, ஒரு பக்கம் அமைக்க உதவவும் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு ஒரு சிறு கட்டணமும் நிர்ணயிக்கலாம். சிற்பக்கலைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் பட்டத்தோடு தன் வேலைகள் அடங்கிய ஒரு பக்கத்தையும் தன் பெயரிலேயே கொண்டுபோகட்டும். அதே மாணவர்கள், எழுதப் படிக்கச் சிரமப்படும் மூத்த சிற்பிகளின் பட்டறைக்குப் போய் அவர்கள் சொல்லச் சொல்லப் பதிந்து கொடுக்கட்டும். முகவரிக்கான முதல் ஐந்தாண்டுக் கட்டணத்தை அரசு ஏற்கலாம். ஒரு முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். டிசம்பரில் நாட்டிய விழாவோடு வெளிநாட்டவர் வருகை கூடும். அதற்குள் முதல் நூறு பக்கங்களை ஏற்றுவதென்று கைத்தறி, கைத்திறன் துறையும் தகவல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து ஓர் அரசாணை வெளியிட்டால், வேலையை அடுத்த வாரமே ஐந்து ரதச் சாலையில் தொடங்கிவிடலாம்.